குறைந்ததை எழுது

ஊதி முடித்த பிறகுதான் தெரிந்தது.
அதற்குள் என் முஷ்டி உள்ளங்கையில் குத்தியிருந்தது:
மோதல், பந்து வைத்திருந்தவள் மேல் தப்பு.
வளையத்துக்குள் விழுந்த பந்து
விழாததாயிற்று.

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு, சனிக்கிழமை,
பதினாலு வயதுக்குக் கீழே பெண்கள் ஆட்டம்.
ஒரு புள்ளி பின்னே. பன்னிரண்டு விநாடி மீதம்.
கவேஷ்னி இடது பக்கமாக உள்ளே வந்தாள்.
எதிரே இருந்தவள் நின்றுகொண்டிருந்தாளா,
நகர்ந்துகொண்டிருந்தாளா என்பதுதான் முழு வழக்கும்.
நடுவர் என்ற சொல்லில் நடு இருக்கிறது.
நான் இருந்தது ஓரத்தில்.
ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்திருந்த வாளியைச்
சுற்றிக்கொண்டு வந்ததில்
இரண்டு எட்டு தாமதம்.
பார்த்தது முதுகுகளை.
விழுந்த சத்தத்துக்குத்தான் ஊதினேன்.

"ரெஃப்! கண்ணாடி வாங்க நாங்க காசு போடுறோம்!"
கவேஷ்னியின் அப்பா லோகன்.
சமோசா விற்கிற பெண்கூடச் சிரித்தாள்.
கோச் ம்புசோ எதுவும் சொல்லவில்லை.
அட்டையை நெஞ்சோடு அணைத்துக் கூரையைப் பார்த்தார்.
அது இன்னும் மோசம்.

அவள் எழுந்தாள், முழங்கால் உரிந்து.
பந்தை என்னிடம் எறியவில்லை,
கொடுத்தாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
உப்புக் குப்பி கவேஷ்னி,
அச்சார் புட்டி அந்த இன்னொருத்தி,
வாளிக்கு ஒரு டீக் கோப்பை.
எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும்
அச்சார் புட்டி நகர்ந்துகொண்டுதான் இருந்தது.
என் கணவர் வந்து
கவேஷ்னியை எடுத்து முட்டைமேல் தூவிக்கொண்டார்.

வார நாளில் நான் தண்ணீர் மீட்டர் படிப்பவள்.
"மீட்டர் பொய் சொல்லாதுங்க"
நாளைக்கு நாற்பது வாசலில் சொல்கிறேன்.
புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம்,
சில்வர்க்ளென் ஏற்றத்தில் ஒரு பச்சை கேட்.
திறந்தது லோகன்.
என் சீருடையை மேலிருந்து கீழே பார்த்தார்.
"இதுவும் நீங்கதானா?"

கவேஷ்னி நாயின் பட்டையைப் பிடித்து நின்றாள்.
முழங்காலில் பழுப்பாகப் பொருக்கு.
மண்டியிட்டு சிமெண்ட் மூடியைத் தூக்கினேன்.
சேறு, ஒரு நத்தை.
கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.
இவ்வளவு பதமாக இந்த ஊரில்
எவரும் மீட்டர் படித்ததில்லை.

"எழுதிட்டா மாத்த முடியாதா?" என்றாள்.
முடியும். புகார் கொடுத்தால் வேறொருவர் வந்து படிப்பார்.
"மேட்ச்?"
முடியாது.
பொருக்கின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டே யோசித்தாள்.
"முதல் பாதியில நான் கோட்டை மிதிச்சிட்டுத்தான் போட்டேன்.
அதையும் நீங்க பார்க்கல."
"உள்ளே போ," என்றார் லோகன்.
அவள் போகவில்லை. நாய் தும்மியது.

அப்படியென்றால் கணக்குச் சரியா என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது.
வாளி இருந்தது என்று சொல்லவும் வந்தது.
இரண்டையும் விழுங்கினேன்.

நான்கு, ஏழு, பூஜ்யம், ஒன்று.
கடைசிச் சக்கரம்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது.
அப்படி நின்றால் குறைந்ததை எழுது.
அந்த ஒரு விதியில்
இதுவரை எவரும் என்னோடு சண்டை போட்டதில்லை.

லோகன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
அவர் மூச்சில் கிராம்பு வாசனை.
"ரெண்டு," என்றேன், சத்தமாக.
கொஞ்ச நேரம் கழித்து, வேண்டாவெறுப்பாக,
"ரெண்டு," என்றார்.

மூடியை வைத்தேன்.
ஒரு மூலை உட்காரவில்லை.
பூட்ஸ் காலால் தள்ளிவிட்டு
அடுத்த வீட்டு மணியை அழுத்தினேன்.